கருஞ்சேவலுக்கு வைத்த வெளிச்சம்

போன வாரம் எங்கள் பழைய அச்சகத்திலிருந்து ஜெயக்குமார் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே படப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன். கண்மாய்க் கரையில் கரிச்சான் குருவி ஒன்றைப் படம் எடுத்திருக்கிறான், மனசுக்குத் திருப்தி இல்லை.

"அண்ணாச்சி, பறவை கரிக்கட்டை மாதிரி வருது. கம்ப்யூட்டர்ல வெளிச்சத்தக் கூட்டுனா பின்னாடி வானம் வெளுத்துப் போகுது. அப்பயெல்லாம் ஃபிலிம்ல அந்தக் கருஞ்சேவல எப்படித்தான் எடுத்தீக?"

"எடுத்தது பெருசில்லப்பா. உசுரோட திரும்பி வந்தோம் பாரு, அதான் பெருசு" என்றேன்.

சிரித்தான். வேலையில்லாத மனுஷன் கதை விடுகிறார் என்று நினைத்திருப்பான். நான் கதை விடக்கூடியவன்தான், மறுக்கவில்லை. ஆனால் இது கதையில்லை என்று சொன்னதும், "அப்ப எழுதிக் குடுங்க, நம்ம ஆளுக எல்லாரும் படிக்கட்டும்" என்றுவிட்டான். அதனால் உட்கார்ந்திருக்கிறேன்.

என் தொழில் வரலாற்றைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், அதில் ரசிக்க ஒன்றுமில்லை. விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுத்துப் பழகினேன். முகூர்த்த நாட்களில் கல்யாண வீடுகளில் நின்றேன். சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் ஆள் கேட்டார்கள், பஸ் ஏறிப் போனேன். முதலில் ரோஜாப்பூ கொடுத்தார்கள், பிறகு பழத்தட்டு, பிறகு தொட்டில் குழந்தை. கடைசியில் பறவைகள் என் தலையில் விழுந்தன. பறவை எடுக்கப் பொறுமை வேண்டும், மற்றவர்களுக்குப் பொறுமை இல்லை என்றார் முதலாளி. எனக்கும் இல்லை. அது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் சொல்வது டிஜிட்டல் கேமரா எங்கள் பக்கம் அரைகுறையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த காலம். பெரிய காலண்டருக்கு அதன் படம் போதாது. ஸ்லைடு ஃபிலிமில்தான் எடுப்போம். கல்யாண வீட்டு நெகட்டிவ் தாய்மாமன் மாதிரி, கொஞ்சம் கூடக் குறையச் செய்தாலும் பொறுத்துப்போகும். ஸ்லைடு சம்பந்தி வீட்டார். வெளிச்சம் இம்மி கூடினால் வெள்ளை எரிந்துவிடும், இம்மி குறைந்தால் கருப்பு குழிக்குள் போய்விடும், அப்புறம் எந்தச் சமாதானமும் எடுபடாது. எடுத்த ஃபிலிமை மதுரை லேபுக்குப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, அது கழுவி வரும்வரை சோறு இறங்காது.

அதிலும் விருதுநகர் மாவட்டத்து வெயில் இருக்கிறதே, அது படம் எடுக்க உண்டான வெயிலே இல்லை. காலையில் கொஞ்ச நேரம் மனுஷன் மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு கரிசல் மண்ணில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். கொக்கை உச்சி வெயிலில் எடுத்தால் சுண்ணாம்பு உருண்டைக்கு அலகு வைத்தது போலிருக்கும், இறகு என்ற ஒன்றே தெரியாது. மயிலின் கழுத்து இன்னும் மோசம். அதற்கென்று சொந்த நிறம் கிடையாது போல, தலையைத் திருப்பினால் நீலம், இன்னும் கொஞ்சம் திருப்பினால் பச்சை, நான் அழுத்தும் நேரத்தில் சரியாக அழுக்குப் பழுப்பு. நானும் சில வித்தைகள் கண்டுபிடித்து வைத்திருந்தேன். வெடிக்குச் சுற்றுகிற வெள்ளித்தாள் எங்கள் ஊரில் எங்கும் கிடைக்கும். அதை அட்டையில் ஒட்டி, நிழல் விழும் பக்கம் பிடித்தால் வெளிச்சம் திரும்பி வரும். பளபளப்புப் பக்கம் கடுமை, மங்கல் பக்கம் இதம். வெயில் அதிகமென்றால் வெள்ளை வேட்டியை விரித்துப் பறவைக்கும் சூரியனுக்கும் நடுவே கட்டிவிடுவேன். என் கல்யாணப் பட்டு வேட்டி தவிர மற்ற வேட்டியெல்லாம் பறவைகளுக்கு உழைத்திருக்கிறது.

ஸ்லைடு வந்ததும் அது கற்பகம் மேடத்தின் மேசைக்குப் போகும். கலர் பிரிவின் தலைவர். அச்சுத் தொழில் டிப்ளமோ படித்தவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர், தினமும் விருதுநகரிலிருந்து என்னோடு அதே பஸ்ஸில் வருவார். பஸ்ஸில் "சாப்டீகளா அண்ணாச்சி" என்று கேட்பவர், மேசையில் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். கழுத்தில் கருப்புக் கயிற்றில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி எப்போதும் தொங்கும், அச்சுப் புள்ளி பார்ப்பது. மேடத்தோட சாமி டாலர் என்று நாங்கள் கேலி பேசுவோம். யாரிடமும் அதைக் கொடுக்க மாட்டார்.

அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் ஸ்லைடை வைத்து, பூதக்கண்ணாடியைக் கவிழ்த்து, குனிந்து பார்ப்பார். எந்தப் பறவையானாலும் முதலில் கண். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாவிட்டால் மீதியைப் பார்க்கவே மாட்டார், "செத்த பறவை" என்று தள்ளிவிடுவார். வெளிச்சம் இருந்தால் அது என்ன வெளிச்சம் என்று சொல்வார். ஜன்னல், வேட்டி, வெள்ளித்தாள் எல்லாம் பறவையின் கண்ணுக்குள் குட்டியாகத் தெரியும். சில சமயம் கேமராவோடு நான் நிற்பதும் தெரியும். "கண்ணுக்குள்ள ஆளு நிக்கக் கூடாது" என்பது அவர் சட்டம். நின்றால் படம் ஆர்ட்டிஸ்ட் மேசைக்குப் போகும், அங்கே மெல்லிய பிரஷ்ஷால் என்னை அழித்துவிடுவார்கள். எத்தனையோ பறவைகளின் கண்ணிலிருந்து நான் அழிக்கப்பட்டிருக்கிறேன்.

திட்டவே மாட்டார். பிடிக்காத ஸ்லைடை ஒரு விரலால் மேசையின் விளிம்புவரை நகர்த்தி, "ம்" என்பார். அந்த "ம்"முக்கு நாலு கெட்ட வார்த்தை தேவலை. பிடித்திருந்தாலும் "ம்"தான். விரல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு சட்டமும் உண்டு. விளக்கைப் போடுவதற்கு முன்னால், எடுக்கப் போகிற பொருளையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசி ஸ்லைடில் தெரியும், அதை அழிக்க ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஒரு நாள் ஆகும். "வெளிச்சம் வைக்கதுக்கு முன்னாடி வெரல வைங்க அண்ணாச்சி." பழத்தட்டு எடுக்கும்போது சரி. பறவைக்கு யார் விரல் வைப்பது? "மயிலு எங்கன உக்காரும்னு கேட்டு அந்த மரத்தப் போயித் தொடச்சுட்டு வரவா மேடம்?" என்று கேட்டிருக்கிறேன். "ம்" என்றார்.

அந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு வெளியிடும் காலண்டர் ஆல்பத்தில் பறவை வரிசை ஒன்று வைப்பதென்று முடிவாயிற்று. ஆடிப்பெருக்கன்று எங்கள் ஊர் அச்சகங்கள் எல்லாம் புது ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடும், அதைப் பார்த்துத்தான் வெளியூர்க் கடைக்காரர்கள் ஆர்டர் கொடுப்பார்கள். மற்ற பறவைகள் ஆகிவிட்டன. கடைசிப் படத்துக்கு முதலாளி கருஞ்சேவல் கேட்டார். அப்பழுக்கில்லாத கருப்பு, சிவப்புக் கொண்டை, நெஞ்சுவரை மட்டும், நம்மை நேராகப் பார்க்க வேண்டும்.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்படி ஒரு சேவல் இருப்பதாகத் தகவல் வந்தது. வளர்ப்பவன் முனியாண்டி, பட்டாசு ஆலையில் வெடிமருந்துக் கலவைப் பிரிவில் வேலை. அவன் மனைவி சண்முகத்தாயும் பட்டாசு வேலைக்குப் போனவள்தான், பிள்ளைகள் பிறந்த பிறகு வீட்டிலிருந்து வெடிக்குக் குழாய் சுற்றிக் கொடுத்தாள். வெறும் காகிதக் குழாய், அதில் ஆபத்தில்லை. சேவலுக்கு மைனர் என்று பெயர். பெயருக்கேற்ற நடை. தெருவில் வருகிற போகிறவர்களையெல்லாம் கொத்தும், அதனால் தபால்காரர் அந்த வீட்டுக் கடிதத்தைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாராம்.

ஆலை லீவான ஞாயிற்றுக்கிழமை போனேன். வீட்டுச் சமையலறையை ஒட்டி, ஒரே சுவர் பங்காக, ஓடு போட்ட சின்னக் கொட்டகை. அதுதான் மைனரின் அரண்மனை. உள்ளே நிதானமாக நிற்கிறது, அங்கேயே எடுக்கலாமே என்று பார்த்தேன்.

முனியாண்டி வழியை மறித்துக்கொண்டான். "உள்ள எதுக்கு அண்ணாச்சி, ஒரே நாத்தம். முத்தத்துல வச்சு எடுங்க, நான் புடிச்சுக்கிடுதேன்."

முற்றத்தில் எடுத்தேன். சேவலுக்கு ஒரு நிமிஷம் பொறுமை இல்லை. வேட்டி கட்டினேன், காற்றில் பறந்தது. வெள்ளித்தாள் பிடித்தேன், அதிலே தெரிந்த சேவலைச் சண்டைக்கு இழுத்தது. ஒருவழியாக இரண்டு ரோல் முடித்துவிட்டு வந்தேன்.

ஸ்லைடு வந்தது. கற்பகம் மேடம் குனிந்து பார்த்தார், வெகுநேரம் நிமிரவில்லை. எனக்கும் காட்டினார், பூதக்கண்ணாடி அவர் கழுத்திலேயே இருக்க, நான் பக்கத்தில் குனிந்துகொள்ள வேண்டும். கருப்பு இறகு முழுக்க ஊசி குத்தினாற்போல் வெள்ளைப் புள்ளிகள்.

"லேப்ல தூசி வுழுந்துருச்சு மேடம்" என்றேன்.

"தூசின்னா மங்கலா இருக்கும். இது மின்னுது."

"அப்ப வெள்ளித்தாளு வெளிச்சம் கடுமையாப் போச்சு."

"அது ஒரு பக்கந்தான இருக்கும். இது சுத்தி இருக்கு."

"ஓனரு மருந்து ரூம்ல வேல பாக்கான். கையில வெள்ளிப்பொடி இருந்திருக்கும், சேவலத் தடவியிருப்பான். நம்ம ஊர்ல யார் மேலதான் அது இல்ல?"

உண்மையும் அதுதான். பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பொடியைத்தான் வெள்ளிப்பொடி என்கிறோம். ஆலை வேன்களிலிருந்து இறங்கும் ஆட்களின் கை, கழுத்து, காது மடல் எல்லாம் அது மினுங்கும். பஸ் கம்பியில் இருக்கும், டீக்கடை டம்ளரில் இருக்கும். வெளியூர்க்காரன் பார்த்தால் கேட்பான். எங்கள் கண்ணுக்கு அது தெரிவதே இல்லை.

மேடம் வேறொரு ஸ்லைடை எடுத்து வைத்தார். சேவல் உடம்பைச் சிலிர்த்து உதறிய நேரத்தில் கைதவறி அழுத்திய படம், ஒதுக்கித் தள்ள வேண்டியது. சேவலைச் சுற்றி அந்தரத்தில் மினுக் மினுக்கென்று ஒரு கூட்டம் நின்றது.

"கையால தடவுன பொடி இம்புட்டுப் பறக்குமா அண்ணாச்சி? எறகுக்கு அடியிலருந்து வருது. இது எதுலயோ பொரளுது. நாளைக்கு நானும் வாரேன்."

மேடம் படம் எடுக்கும் இடத்துக்கு அதுவரை வந்ததே இல்லை. எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். என் வேலையைச் சோதிக்க வருகிறார் என்று நினைத்து, இந்தத் தடவை அவர் வாயடைத்துப்போகிற மாதிரி எடுத்துவிடுவது என்று பெரிய ஹாலஜன் விளக்குகள் இரண்டையும் ஸ்டாண்டோடு கம்பெனிக் காரில் ஏற்றிக்கொண்டேன். ஸ்டுடியோவில் பழத்தட்டுக்கு வைப்பவை அவை. போட்ட கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் கை வைக்க முடியாது, சில நாள் பல்பு வெடித்துத் தெறிக்கவும் செய்யும். முன்னால் பட்டர் பேப்பர் கட்டினால் வெளிச்சம் கருப்புக்கு இதமாக விழும்.

வேலை நாள், முனியாண்டி ஆலைக்குப் போயிருந்தான். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில். சண்முகத்தாய் உலை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "வாங்க மேடம், வாங்க அண்ணாச்சி, வெயில்ல வந்திருக்கீக, மோரு குடிக்கீகளா" என்று உபசரித்தாள். கொட்டகைக்குள் எடுக்கலாமா என்று கேட்டேன். "தாராளமா எடுங்க. அவுகதான் யாரையும் உள்ள விடமாட்டாக. மைனர் கொத்தீருவானாம்" என்று சிரித்தாள்.

அவர்கள் இரண்டு பேரும் மோர் குடித்துப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் உள்ளே விளக்குகளை நிறுத்தினேன். கோழிப்பீ நாற்றம் மூக்கைப் பிய்த்தது. மூலையில் பழைய சேலை போர்த்திய மூட்டைகள், அதற்கு மேலே குறுக்குக் கம்பு, கம்பில் மைனர். வீட்டுக்குள்ளிருந்து ஒயர் இழுத்துப் பிளக்கைச் செருகினேன். பட்டர் பேப்பர் கட்டினேன். ஸ்டாண்டைச் சேவலுக்கு அருகில், மூட்டைகளுக்கு ஒட்டினாற்போல் நகர்த்தினேன். சுவிட்சில் கை வைத்தேன்.

"இருங்க அண்ணாச்சி."

மேடம் கொட்டகை வாசலில் நின்றார். "வெரல் வச்சீகளா?"

எனக்கு எரிச்சல் வந்தது. "சேவல் கொத்தும் மேடம்."

அவரே வந்தார். சேவல் நிற்கும் கம்பின் மேல் ஒரு விரலை இழுத்தார். விரலை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கெட்டி வெள்ளி. பெயிண்ட்டில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. பிறகு குனிந்து அந்தப் பழைய சேலையை மெல்லத் தூக்கினார்.

சிமெண்டுச் சாக்குகள். முன்னால் இருந்த சாக்கின் அடியில் சேவல் கொத்திக் கொத்திப் பெரிய ஓட்டை போட்டிருந்தது. அதிலிருந்து வழிந்த பொடியில் கும்பா மாதிரி ஒரு பள்ளம், கோழி மண்ணில் புரண்டு குளிக்குமே அந்த மாதிரி. மைனர் தினமும் அங்கேதான் குளித்திருக்கிறது.

"பிளக்கப் புடுங்குங்க" என்றார் மேடம். குரல் உயரவில்லை. சுவிட்சிலிருந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துப் பிளக்கைப் பிடுங்கினேன்.

சண்முகத்தாய் பின்னாலேயே வந்துவிட்டாள். "அது சிமெண்டு மேடம். அடுப்படிச் செவுரு பூசணும்னு ஆலங்குளம் ஃபேக்டரியிலருந்து கொண்டாந்து..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். பதினெட்டு வயதிலிருந்து பட்டாசு வேலை பார்த்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்த சாக்கின் வாயருகே குனிந்து மோந்தாள். கந்தகம். அதற்கடுத்ததைத் தொட்டு விரலில் உருட்டினாள். வெடியுப்பு.

"ரெண்டு பேரும் மெதுவா வெளிய போங்க" என்றாள். "காலத் தேய்க்காதீக. எடுத்து எடுத்து வைங்க."

அப்படித்தான் வந்தோம். அவள் நேரே சமையலறைக்குப் போய் எரிகிற அடுப்பின் மேல் மண்ணை அள்ளிப் போட்டு அமுக்கினாள். அடுப்புக்கும் அந்த மூட்டைகளுக்கும் நடுவே ஒரு சுவர், அந்தச் சுவருக்கும் ஓட்டுக்கும் இடையில் கை நுழையும் இடைவெளி. தினம் இரண்டு வேளை அங்கே சோறு பொங்கியிருக்கிறாள். நான் பதற்றத்தில் வாசல் குடத்தைத் தூக்கிவிட்டேன், "நனச்சுருவோமா?"

"ஐயோ, கீழ வைங்க அண்ணாச்சி! தண்ணி பட்டா அதுவே சூடேறிரும்!"

குடத்தைக் குழந்தையை வைப்பது போல் கீழே வைத்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, மைனர் உள்ளேயே இருக்கிறது. அது காலால் பறண்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? சண்முகத்தாய் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தாள். மைனர் கம்பிலிருந்து இறங்கி, சாவகாசமாக வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, நேராக வந்து என் முழங்காலில் ஒரு கொத்துக் கொத்தியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அந்த வலி அவ்வளவு சுகமாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

அக்கம்பக்கத்து வீடுகளில் அடுப்பை அணைக்கச் சொல்லி எல்லாரையும் தெருக்கோடி வேப்பமரத்தடிக்கு அனுப்பினோம். மேடத்தின் செல்போனில் ஆலைக்குச் சொன்னதும் முனியாண்டி யாருடைய பைக்கிலோ வந்து இறங்கினான். எங்களைக் கண்டதும் முகம் செத்துவிட்டது. ஒரு ஏஜென்ட், உரிமம் இல்லாமல் ஆட்களிடம் கொடுத்து வெடி செய்பவன், சீசன் முடியும்வரை வைத்திரு என்று கொடுத்துவிட்டுப் போன மூட்டைகள். மைனர் இருக்கும்போது எவனும் கிட்டே வரமாட்டான் என்று அங்கே வைத்திருக்கிறான்.

"நான் தொழில் தெரிஞ்சவன் தாயி. பத்திரமாத்தான் வச்சிருந்தேன்" என்றான்.

சண்முகத்தாய் கத்தவில்லை. "நம்ம புள்ளைக ரெண்டும் எந்தச் செவுத்துல சாஞ்சுக்கிட்டுப் படிக்குதுக?" என்று கேட்டாள்.

அவன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"சொல்லுங்க. எந்தச் செவுத்துல?"

முனியாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கொஞ்ச நேரம் கழித்து, ராவோடு ராவாக ஏஜென்டைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்லிவிடுகிறேன், வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று கெஞ்சினான்.

"இங்கனருந்து எடுத்து இன்னொருத்தி அடுப்படியில வைக்கவா?" என்றாள் சண்முகத்தாய். "நீங்களே போயிச் சொல்லீருங்க. வேல போனாப் போகுது. நான் கொழாய் சுத்திக் கஞ்சி ஊத்துதேன்."

"தனியாப் போக வேண்டாம். நானும் கூட வாரேன்" என்றார் மேடம். வந்த காரிலேயே அவனை ஏற்றிக்கொண்டு சாத்தூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். நான் வேப்பமரத்தடியில் அந்த ஊர் ஜனங்களோடு உட்கார்ந்திருந்தேன். நடுவில் பள்ளிக்கூடம் விட்டு அந்த இரண்டு பெண்பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தன. வீட்டுக்குள் ஓடப் போனவர்களை சண்முகத்தாய் வாரி மடியில் போட்டுக்கொண்டாள், விடவே இல்லை. எதற்கென்று தெரியாமல் அவை நெளிந்தன.

பொழுது சாய்வதற்குள் அதிகாரிகளும் தீயணைப்பு ஆட்களும் வந்தார்கள். ஒவ்வொரு மூட்டையும் வெளியே வரும்போது விரல் விட்டு எண்ணினோம். கடைசி மூட்டையோடு வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் யாரோ ஒரு பெண் சத்தமாகச் சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தோம். எதற்குச் சிரித்தோம் என்று கேட்டால் தெரியாது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முனியாண்டி தானாகப் போய்ச் சொன்னதால் கடுமையாகப் போகவில்லை. வழக்கு நடந்து அபராதத்தோடு முடிந்தது. ஏஜென்டைப் பிறகு பிடித்தார்கள். ஆலையில் அவனை மருந்துப் பிரிவிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள், வெளியே அனுப்பவில்லை. அந்தச் செய்தியைச் சொல்ல சண்முகத்தாய் மேடத்துக்குப் போன் செய்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மேடம் "ம்" என்றார். போனை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

படம் பாக்கி இருந்தது. ஆடிப்பெருக்கு நெருங்கிவிட்டது. முதலாளி, ஆயிரக்கணக்கில் படம் அடங்கிய சி.டி. கிடைக்கிறதாம், அதில் ஒரு சேவலை எடுத்துக்கொள்ளலாமே என்றார். "ஒரு ஞாயித்துக்கெழம குடுங்க" என்று கேட்டு வாங்கினார் மேடம்.

போனால் கொட்டகையை அடையாளம் தெரியவில்லை. ஆட்கள் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போனபின், சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்து, ஓட்டு இடைவெளியை மண் வைத்து அடைத்திருந்தார்கள். மைனரை சண்முகத்தாய் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டிக் காயவைத்திருந்தாள். அவமானம் தாங்காமல் யாரையும் பார்க்காமல் நின்றது. வெள்ளிப்பொடி போன பிறகுதான் அந்தக் கருப்பின் அழகு தெரிந்தது. உள்ளுக்குள் பச்சையும் நீலமும் ஓடியது.

நான் கம்பைத் தொட்டேன். சுவரைத் தொட்டேன். தரையைத் தொட்டேன். விரலை மேடத்திடம் காட்டினேன். தலையாட்டினார்.

ஜெயக்குமாருக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. கருப்புப் பறவையின் மேல் வெளிச்சத்தைக் கொட்டினால் அது குடித்துவிட்டுச் சும்மா இருக்கும். அதற்குப் பக்கத்தில் பெரிய வெள்ளைப் பரப்பு ஒன்றைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு இறகும் அந்த வெள்ளையைத் தன் விளிம்பில் வாங்கி ஒரு கோடு போட்டுக்கொள்ளும். அன்று விளக்கு எதுவும் கொண்டுபோகவில்லை. கொட்டகைக்கு வாசல் ஒன்றுதான், வெளியே பொசுக்குகிற வெயில். வாசல் முழுக்க மறைக்கிற மாதிரி என் எட்டுமுழ வேட்டியை விரித்தோம். ஆணியில் கட்டினால் காற்றுக்குத் தொய்ந்தது. கடைசியில் ஒரு முனையை முனியாண்டியும் மறுமுனையை சண்முகத்தாயும் கையைத் தூக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே பால் போல வெளிச்சம் வந்தது. எதிர்ப்பக்கம் வெள்ளித்தாளின் மங்கல் பக்கத்தை வைத்தேன். மைனரை நெஞ்சுவரை மட்டும் நிறைத்து கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திக் காத்திருந்தேன்.

"ஏலே மைனர், இங்க பாரு" என்றாள் சண்முகத்தாய், வேட்டிக்கு அந்தப் பக்கமிருந்து நாக்கை மடித்து அந்தச் சத்தத்தைக் கொடுத்தாள்.

மைனர் அசையாமல் வாசலைப் பார்த்தது. அழுத்தினேன்.

ஸ்லைடு வந்த அன்று மேடம் பூதக்கண்ணாடியைக் கவிழ்த்துக் குனிந்தார். வழக்கம்போல முதலில் கண். நான் விரல் எந்தப் பக்கம் நகரும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நகரவே இல்லை. பிறகு கழுத்திலிருந்து அந்தக் கருப்புக் கயிற்றைக் கழற்றி, பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். அத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"கண்ணப் பாருங்க அண்ணாச்சி."

பார்த்தேன். சேவலின் கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு சின்னக் கட்டம், என் வேட்டி. அதன் இரண்டு பக்கமும் கையைத் தூக்கிக்கொண்டு எறும்பளவில் இரண்டு நிழல்கள். ஒன்று கொஞ்சம் உயரம், ஒன்று குட்டை.

சட்டம் எனக்குத் தெரியும். "ஆர்ட்டிஸ்ட்டுகிட்டக் குடுத்து எடுத்துருவோம் மேடம்" என்றேன்.

"வேண்டாம்" என்றார். "இருக்கட்டும். ரெண்டு பேரும் இருக்காகல்ல."

நான் மறுபடியும் குனிந்து பார்த்தேன். இருந்தார்கள்.